கிழக்கு ஐரோப்பாவில் பகிர்வுப் பொருளாதாரம் எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது?

கேள்வி (பொருளியல் மாணவி)
முதுகலைக் கட்டுரைக்காக முன்னாள் கம்யூனிச நாடுகளின் பகிர்வுப் பொருளாதாரத்தை, அதாவது சொந்தக் காரையும் வீட்டையும் செயலி வழியாக மற்றவர்களோடு காசுக்குப் பகிர்வதை, எடுத்திருக்கிறேன். அங்கே முன்பின் தெரியாதவர்களை நம்பும் வழக்கமே குறைவு என்கிறார் என் பேராசிரியர். அப்படியானால் தெரியாதவர் காரில் ஏறுவதும், வீட்டைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதும் எப்படிப் பரவின? அங்கே வசிப்பவர்கள் சொல்லுங்களேன்.

பதில் (எஸ்டோனியத் தலைநகர் தாலின்வாசி)
அரசு அலுவலகத்தையும் காவல்துறையையும் நம்ப மாட்டார்கள் என்றால் ஒத்துக்கொள்வேன் தங்கச்சி. கார் விஷயத்தில் அப்படி இல்லை. சோவியத் காலத்திலேயே சாலையோரம் நின்று கையை நீட்டினால் சொந்தக் கார் வைத்திருப்பவர் நிறுத்துவார். ஜன்னல் வழியாகப் பேரம் பேசி ஏறிக்கொள்வார்கள். என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர், சம்பளம் போதாமல் தன் லாடா காரில் மாலை நேரங்களில் இப்படி ஓட்டியிருக்கிறார். கார் அழைக்கும் செயலி வந்தபோது அவருக்குப் புதிதாகத் தெரிந்தது, கட்டணத்தைப் பேரமில்லாமல் முன்பே சொல்லிவிடுவது மட்டும்தான்.

வீட்டையும் பாருங்கள். 1990களில் பல நாடுகள் அரசுக் குடியிருப்புகளை அங்கே குடியிருந்தவர்களுக்கே சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டன. ருமேனியாவில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் சொந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். கையில் பணமில்லாத ஓய்வூதியருக்குக்கூட நகர மையத்தில் ஒரு வீடு இருந்தது. வீட்டைப் பயணிகளுக்குக் குறுகிய காலம் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளம் வந்ததும் அதுவே வருமானமானது.

ஆனால் எஸ்டோனியாவைத் தனியாகப் படியுங்கள் என்பேன். மார்க்குஸ் வில்லிக் 19 வயதில், 2013இல், இங்கே தொடங்கிய டாக்ஸிஃபை என்ற கார் அழைக்கும் செயலிதான் 2019இல் போல்ட் என்று பெயர் மாறியது. இந்த வகைப் பயணத்தை ஏற்கும் சட்டம் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, ஓட்டுநர் சம்மதித்தால் அவர் வருமான விவரத்தை நிறுவனமே வரித்துறைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். வரிப் படிவத்தில் தொகை தானாகவே வந்து நிற்கும். கணக்கில் வராமல் ஓடிய பணம் இப்படித்தான் கணக்குக்குள் வந்தது. எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த விஷயம் இது.

பதில் (ஹங்கேரியின் புதாபெஸ்டிலிருந்து)
இங்கே கதை வேறு. 2016 ஜனவரியில் ஊபரை எதிர்த்து டாக்சிக்காரர்கள் நகர மையத்தை மறித்தார்கள். அப்புறம் வந்த சட்டத்தால் ஜூலையில் ஊபர் வெளியேறியது. 2024இல்தான் திரும்பியது, அதுவும் ஃபோடாக்ஸி என்ற உள்ளூர் நிறுவனத்தோடு சேர்ந்து. போல்ட்டில் அழைத்தாலும் உரிமம் பெற்ற மஞ்சள் டாக்சிதான் வரும். நகரின் தெரேஸ்வாரோஷ் பகுதி மக்கள் 2024 செப்டம்பரில் வாக்களித்து, 2026 முதல் குறுகிய கால வாடகையையே தடை செய்ய முடிவெடுத்தார்கள்.

மாணவி
அப்படியானால் அரசு எப்படி நடந்துகொண்டது என்பதுதான் முக்கியம் என்று எழுதலாமா அண்ணா?

தாலின்வாசி
எழுதலாம், ஆனால் ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள். போல்ட் ஓட்டுபவர்களில் பலருக்கு இப்போது அதுவே முழுநேர வேலை. காரையே வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் பகிரவில்லை, உழைக்கிறார்கள். அவர்களுடைய மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் பற்றிக் கட்டுரையில் கட்டாயம் கேளுங்கள். ஊர்விட்டு ஊர் போகும் காரில் இடம் பகிர உதவும் பிளாப்ளாகார் செயலி அப்படியில்லை. எப்படியும் ஓர் ஊருக்குப் போகிறவர் பெட்ரோல் செலவை மட்டும் பங்கு போட்டுக்கொள்கிறார். 2014இல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் வந்தபோது அது பெரிதாக வளர்ந்ததற்கு அங்குள்ள தூரங்களும் ஒரு காரணம். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடாதீர்கள்.