டெல்லி ரயிலுக்கு என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம்?

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து டெல்லி போகிறோம். நாங்கள் இருவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். ரயிலில் இரண்டு இரவு, ஒரு பகல். அங்கே மூன்று நாள். ஐந்து பேருக்கும் வெளியே வாங்கினால் டிக்கெட் காசைத் தாண்டிவிடும்.

போன தடவை எலுமிச்சை சாதத்தைச் சூடாகவே டப்பாவில் அடைத்துவிட்டேன். மூடிக்குள் முத்து முத்தாக வியர்த்து, நாக்பூர் வருவதற்குள் நூல் விட்டுவிட்டது. பிள்ளைகள் அன்று முறுக்கைத் தின்றே பொழுதை ஓட்டினார்கள்.

இந்த முறை முதல் நாளுக்கு நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி, அப்புறம் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். கொறிக்கப் பொரி, கடலை மிட்டாய். சரி, டெல்லி அறையில் என்ன செய்வது? கெட்டில் எடுத்துப் போகிறேன் (ரயிலில் அதைச் செருகக் கூடாது, தெரியும்). ரவையைத் தாளிப்போடு வறுத்து வைத்து, கொதிநீர் ஊற்றி மூடினால் உப்புமா ஆகுமா? ஒரு டம்ளர் ரவைக்கு எவ்வளவு தண்ணீர்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். புளிக்காய்ச்சல் ஐந்து நாள் தாங்குமா? மாமியார் வெங்காயம், பூண்டு தொடமாட்டார். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.