60 செ.மீ. மீன் தொட்டிக்கு வெளி ஃபில்டர்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

கேள்வி

வணக்கம். என்னிடம் 60×30×30 செ.மீ. தொட்டி இருக்கிறது. நியான் டெட்ரா ஒரு கூட்டம், செர்ரி இறால்கள், கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன். இறால்கள் இப்போதுதான் குஞ்சு பொரித்திருக்கின்றன. உள்ளே மூலையில் நிற்கும் ஃபில்டர் இடத்தை அடைக்கிறது, அதன் பஞ்சும் சீக்கிரமே அடைத்துப்போகிறது. அதனால் வெளி ஃபில்டருக்கு மாறலாம் என்று யோசனை.

பின்பக்கக் கண்ணாடியில் தொங்கவிடும் ஹேங்-ஆன் போதுமா, ஸ்டாண்டுக்குள் வைக்கும் கேனிஸ்டர் வேண்டுமா? மணிக்கு எத்தனை லிட்டர் பார்த்து வாங்க வேண்டும்? இன்னொன்று, தொட்டி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. சின்ன கேனிஸ்டரின் மோட்டார் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுமா?

பதில் 1

உயரத்தைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். கேனிஸ்டரில் உறிஞ்சும் டியூப், ஃபில்டர், வெளிவிடும் டியூப் மூன்றும் தண்ணீர் நிறைந்த ஒரே வளையம். ஒரு பக்கம் இறங்கும் தண்ணீரின் எடை மறுபக்கம் ஏறும் தண்ணீரைச் சமன்செய்துவிடும். மோட்டார் சமாளிக்க வேண்டியது டியூபிலும் பஞ்சிலும் ஏற்படும் தடையை மட்டும்தான். அதனால் உயரத்தைவிட, தேவையில்லாமல் நீளமாக விட்ட டியூபும் கூர்மையான வளைவும்தான் ஓட்டத்தைக் குறைக்கும். கையேட்டில் அதிகபட்ச உயரம் போட்டிருப்பார்கள், அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் அதே மட்டத்தில் கேனிஸ்டரை வைக்காதீர்கள். தண்ணீர் தானாக இறங்கி உள்ளே நிரம்ப வேண்டும், அதற்கு ஃபில்டர் கீழே இருந்தாக வேண்டும்.

அளவுக்கு வருவோம். விளிம்பு வரை நிரப்பினால் உங்கள் தொட்டி 54 லிட்டர். மணல், கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர்தான் தேறும். மணிக்கு நான்கைந்து முறை சுற்றினால் தாராளம், அதாவது நிஜத்தில் 200 லிட்டர் சுமாராக. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண், பஞ்சு எதுவும் இல்லாத வெறும் மோட்டாருடையது. பஞ்சும் செராமிக் ரிங்கும் நிரப்பி, கொஞ்சம் அழுக்கும் சேர்ந்தால் பாதிக்குக்கூட இறங்கிவிடும். ஆகவே 300 முதல் 400 வரை போட்டிருப்பதே போதும். பெரிதாக வாங்கினால் டெட்ராக்கள் நாள் முழுக்க ஓட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருக்கும், பாவம்.

சின்னத் தொட்டிக்கு நான் கேனிஸ்டரைச் சொல்வது வேகத்துக்காக இல்லை, உள்ளே அடங்கும் பஞ்சுக்காகவும் ரிங்குக்காகவும்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம் அதுதானே. எனவே ஒரே ஓட்ட அளவில் இரண்டு மாடல் இருந்தால், பஞ்சும் ரிங்கும் வைக்கும் கூடை பெரிதாக உள்ளதை எடுங்கள்.

பதில் 2

ஹேங்-ஆனை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். தொட்டிக்குள் கையை விடாமலே பஞ்சை உருவிக் கழுவலாம், தரையில் தண்ணீர் கசியும் பயம் குறைவு. ஆனால் பின்னால் சுவரோடு இடைவெளி வேண்டும், மூடியிலும் வெட்டு வேண்டும். தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். படுக்கையறை என்றால் கேனிஸ்டர்தான்.

எதை வாங்கினாலும் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள். கூடவே வரும் பிளாஸ்டிக் சல்லடையின் இடுக்கு வழியே இறால் குஞ்சு சுலபமாக உள்ளே போய்விடும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கேனிஸ்டரே வாங்கி மாட்டிவிட்டேன். தண்ணீர் ஓடுகிறது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மெதுவாக வருகிறது. அவ்வப்போது உள்ளே கொரகொரவென்று சத்தம், உடனே ஸ்ப்ரே பாரிலிருந்து (தண்ணீரைத் தொட்டிக்குள் விடும் துளைக் குழாய்) பொடிக் குமிழிகள். எங்கும் கசிவு இல்லை. பழைய உள் ஃபில்டரும், ஏர் பம்ப்பின் குமிழி விடும் கல்லும் அப்படியே ஓடுகின்றன.

பதில் 1

கொரகொரப்பு காற்றுதான். அது உள்ளே மாட்டிக்கொண்ட பழைய காற்றா, புதிதாக நுழையும் காற்றா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். காய்ந்த ரிங், பஞ்சுக்குள் தங்கிய காற்று என்றால் ஓரிரு நாளில் தானாகக் குறையும். மோட்டாரை நிறுத்தி, கேனிஸ்டரை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டால் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

குறையவே இல்லை என்றால் எங்கிருந்தோ புதிதாக வருகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள இணைப்பு தளர்ந்தால் தண்ணீர் வெளியே கசியும். ஆனால் உறிஞ்சும் குழாய் தொட்டி விளிம்பைத் தாண்டி வளையும் பகுதி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது பாருங்கள், அங்கே தளர்ந்தால் கசியாது, காற்றை இழுக்கும். கசிவு இல்லை என்பதால் அந்த இணைப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். டியூப் முனையை வெந்நீரில் சற்று முக்கி இளக்கி, கழுத்து வரை தள்ளி நட்டை இறுக்குங்கள். டியூபை மாற்ற நேர்ந்தால் அளவு பார்த்து வாங்குங்கள்: 12/16 என்றால் உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ.

டியூப் நடுவில் மேடு கட்டி நின்றாலும் அந்த மேட்டில் காற்று தங்கி ஓட்டத்தை நெரிக்கும். நீளம் அதிகமிருந்தால் வெட்டி, நேராக விழும்படி விடுங்கள்.

பதில் 2

ஏர் கல் எங்கே இருக்கிறது? உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்திலோ நேர் கீழேயோ இருந்தால், குமிழிகளை ஃபில்டர் விழுங்கி, உள்ளே சேர்த்துவைத்து, ஒரே மூச்சில் கக்கும். நீங்கள் சொல்லும் சத்தம் அப்படியே இதுதான்.

கேட்டவர்

கல் உறிஞ்சும் குழாய்க்கு நேர் கீழே மணலில் புதைந்து இருந்தது. எதிர்மூலைக்கு மாற்றினேன். டியூபையும் வெட்டிக் குட்டையாக்கிவிட்டேன். சத்தம் நின்றுவிட்டது, ஓட்டமும் நன்றாக இருக்கிறது. இப்போது ஸ்ப்ரே பாரை எப்படித் திருப்புவது? பழைய ஃபில்டரை எப்போது எடுக்கலாம்? பெட்டியில் வந்த கார்பன் பை அவசியமா?

பதில் 1

ஸ்ப்ரே பாரின் துளைகளைச் சற்று மேல்நோக்கி, நீர்ப்பரப்பு லேசாகச் சலசலக்கும்படி வையுங்கள். அந்தச் சலசலப்பால்தான் ஆக்சிஜன் கரையும், மேலே படலமும் படியாது. டெட்ராக்கள் ஒரு பக்கமாக ஒதுங்கினால் துளைகளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள், வேகம் உடையும்.

பழைய ஃபில்டருக்கு அவசரப்படாதீர்கள். புது ஃபில்டரில் பாக்டீரியா தேறுவதற்குப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், அதுவரை இரண்டும் சேர்ந்து ஓடட்டும். பழைய பஞ்சில் பாதியை வெட்டிக் கேனிஸ்டர் கூடையில் வைத்தால் இன்னும் நல்லது. எடுத்த பிறகு தீனியைக் குறைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவே நிற்கின்றனவா என்று சில நாள் சோதியுங்கள். இறால்கள் இந்த விஷயத்தில் மீன்களைவிட மென்மையானவை. பஞ்சைக் கழுவுவது எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோனால் கேனிஸ்டரை அப்படியே ஓட விடாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெட்டிருக்கும். உள்ளே உள்ளதைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். திறக்கும்போதே மூடியின் ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) முடி, மணல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். மூடியில் கசிவு வருவது பெரும்பாலும் இதைக் கவனிக்காததால்தான்.

கார்பன் இப்போது வேண்டாம், அந்த இடத்தில் செராமிக் ரிங் போடுங்கள். மீன்களுக்கு மருந்து கொடுத்து முடித்தபின் தண்ணீரில் மிச்சமிருக்கும் மருந்தை எடுக்க அது உதவும். அதுவரை பிரிக்காமல் எடுத்து வையுங்கள்.