1962இல் பினாங்கில் பிறந்த என் அம்மாவைப் பெற்றவரைத் தேடுகிறோம்: எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது?

கேள்வி: கோலாலம்பூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பினாங்கில் ஒரு சீனப் பெண்ணுக்குப் பிறந்தவர். ஒரு மாதம்கூட நிறையாத குழந்தையாக, ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் பக்கம் குடியிருந்த என் தாத்தா பாட்டியின் கைக்கு வந்தார். தமிழ்ப்பள்ளியில் படித்தார், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தார், தமிழரையே மணந்தார். முகமே சொல்லிவிடுகிற ஒன்றை யாரும் அவரிடம் மறைக்கவில்லை. ஆனாலும் வளர்த்தவளின் மனம் நோகும் என்று, பாட்டி உயிரோடு இருந்தவரை பெற்றவளைப் பற்றி அம்மா ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

பாட்டி சென்ற ஆண்டு காலமானார். கருமாதி முடிந்து அலமாரியை ஒழித்தபோது, பழைய மைலோ டின் ஒன்றுக்குள் மூன்று காகிதங்கள் கிடைத்தன. ஒன்று அம்மாவின் பிறப்புப் பத்திரம். அதில் தாயின் பெயர் ‘ஊய்’ என்ற குடும்பப் பெயரோடு தொடங்குகிறது. ஜெலுத்தோங்கில் ஒரு முகவரியும் இருக்கிறது. தந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் கோடுதான். இரண்டாவது, தாத்தா பாட்டியின் பெயரில் உள்ள தத்துச் சான்றிதழ். மூன்றாவது, நான்காக மடித்த ஒரு சிவப்புத் தாள். மடிப்புகளில் நிறம் வெளுத்துப்போன அந்தத் தாளில் கறுப்பு மையால் மேலிருந்து கீழாகச் சில சீன எழுத்துகள் எழுதப்பட்டுள்ளன. அம்மாவுக்கும் எனக்கும் அவற்றைப் படிக்கத் தெரியாது.

பெற்ற தாய் உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அம்மாதான் தேடச் சொன்னார், ஆகவே இது என் ஆசைக்காக மட்டும் செய்வதன்று. நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்குமா, இந்தக் காகிதங்களே வழிகாட்டுமா, மரபணுச் சோதனை உதவுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், பினாங்கு

சகோதரிக்கு வணக்கம். உங்கள் அம்மா தத்துக் கொடுக்கப்பட்டது எந்தச் சட்டத்தின்கீழ் என்பதை முதலில் பாருங்கள். மற்றது எல்லாம் அதைப் பொறுத்தது. தீபகற்பத்தில் 1952ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. நீதிமன்ற உத்தரவின் வழியாகத் தத்தெடுப்பது ஒன்று. இன்று அதன் எண் 257. ஏற்கெனவே ஒரு வீட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வளர்ந்துவிட்ட பிள்ளையைப் பதிவதிகாரி முன் பதிந்துகொள்வது மற்றொன்று. அதன் எண் 253. வழக்கறிஞர், நீதிமன்றம் என்று அலைய வசதியில்லாத நம் குடும்பங்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது வழியைத்தான் பிடித்தார்கள்.

முதல் வகையாக இருந்தால், பழைய பிறப்புப் பதிவையும் தத்துப் பதிவையும் இணைக்கும் ஏடு பொதுமக்கள் பார்வைக்கு உரியதன்று. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அதிலுள்ள விவரத்தைப் பெற முடியாது. ஆனால் பெற்ற தாயின் பெயரோடு கூடிய பிறப்புப் பத்திரம் உங்கள் கையில் இருப்பதையும், தத்துச் சான்றிதழ் தனியாக இருப்பதையும் பார்த்தால், உங்களுடையது இரண்டாம் வகை என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால், பலர் ஆண்டுக்கணக்கில் தேடும் பெயர் உங்களிடம் இப்போதே இருக்கிறது. அந்தப் பதிவின்போது பெற்றவரின் சம்மதமும் கேட்கப்படும் என்பதால், பழைய கோப்பில் அவருடைய வாக்குமூலமோ கைரேகையோ இருக்க வாய்ப்புண்டு. உங்கள் அம்மா தம் அடையாள அட்டையோடும் இந்த இரண்டு பத்திரங்களோடும் தேசியப் பதிவிலாகாவுக்கு நேரில் சென்று கேட்கட்டும். பிள்ளையாகிய நீங்கள் கேட்பதைவிட அவரே கேட்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்து, பிறப்புப் பத்திரத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் கண்ணெடுத்துப் பார்க்காத ஒரு பகுதி இருக்கிறது. பிறப்பை வந்து தெரிவித்தவர் யார், அவருடைய முகவரி என்ன, பிள்ளைக்கு அவர் என்ன முறை என்பதை எழுதும் கட்டம் அது. பெற்றோர்தான் வர வேண்டும் என்பதில்லை. பிரசவத்தின்போது உடனிருந்தவரோ, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரோகூட வந்து சொல்லலாம். அக்காலத்தில் பதினான்கு நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பதால், பிள்ளை கைமாறிய அந்த நாள்களில் யார் அலைந்தார்கள் என்பதை அந்தக் கட்டம் சொல்லிவிடும். பல குடும்பங்களில் அந்தப் பெயர் மருத்துவச்சியுடையதாகவோ, இரு வீட்டையும் அறிந்த ஒருவருடையதாகவோ இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தந்தையின் கட்டத்தில் கோடு இருப்பதைக் கண்டு உங்கள் அம்மா வேறு எதையும் நினைத்து வருந்த வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சீனர்களிலும் சரி, நம்மிலும் சரி, சடங்கு செய்து வாழ்ந்த எத்தனையோ தம்பதியரிடம் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருந்ததில்லை. சீன வழக்கப்படி இரண்டாம் தாரமாக வாழ்ந்தவர்களும் உண்டு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு முழுக் குடும்பமே இருந்திருக்கலாம்.

பதில் 2: சீனப் பள்ளியில் படித்தவர், ஆயர் ஈத்தாம்

அந்தச் சிவப்புத் தாளைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். மடிப்பை மேலும் மேலும் பிரிக்காமல், நல்ல வெளிச்சத்தில் ஒரே ஒரு முறை படம் எடுத்துக்கொண்டு தட்டையாக வைத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பிறந்த நேரக் குறிப்பு, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஜாதகம். ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்குக்கும் இரண்டிரண்டாக எட்டு எழுத்துகள் எழுதுவார்கள். சீனர்களுடைய ஆண்டுச் சுழற்சியும் நம்முடையதைப் போலவே அறுபது ஆண்டுகளைக் கொண்டது. 1962 நமக்குச் சுபகிருது, அவர்களுக்குப் புலி ஆண்டு. ஆகவே முதல் இரண்டு எழுத்துகள் புலி ஆண்டைக் குறிக்கின்றனவா என்று பார்த்தாலே, தாள் உங்கள் அம்மாவுடையதுதானா என்பது தெரிந்துவிடும். கடைசி இரண்டு எழுத்துகள் பிறந்த வேளையைச் சொல்லும்; ஒரு நாளைப் பன்னிரண்டு பங்காகப் பிரிப்பதால் வேளை ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. உங்கள் அம்மாவை ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு இதுவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வறுமையும் ஏற்கெனவே வீடு நிறைய இருந்த பிள்ளைகளும் அதே அளவுக்குக் காரணமாகியிருக்கலாம்.

குடும்பப் பெயரைப் பற்றி ஒரு விளக்கம். ‘ஊய்’ என்பது பினாங்குச் சீனர் பலர் பேசும் ஹொக்கியன் வட்டார மொழியின் உச்சரிப்பு. அதே எழுத்தைக் கண்டனீஸ் என்ற வேறொரு சீன வட்டார மொழி பேசுபவர்கள் ‘வோங்’ என்பார்கள். பிற்காலத்தில் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்த உறவினர் என்றாலும் ஆவணத்தில் எழுதிய எழுத்துக்கூட்டு பெரும்பாலும் மாறாது. என்றாலும் இரண்டையும் மனத்தில் வையுங்கள். சீனப் பெண்கள் மணமான பிறகும் தந்தை வழிப் பெயரையே வைத்துக்கொள்வதால், ‘ஊய்’ என்பது உங்கள் அம்மாவைப் பெற்றவர் பிறந்த வீட்டின் பெயர். எனவே அவருடைய மற்றப் பிள்ளைகள் வேறு குடும்பப் பெயரில் இருப்பார்கள். ஜெலுத்தோங் முழுக்க ஊய் குடும்பத்தாரை விசாரித்தாலும் அவர்களை நேராகக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய அண்ணன் தம்பிமாரின் வழியாகத்தான் போக வேண்டும்.

கோங்சி எனப்படும் சீனக் குலச் சங்க மண்டபங்களின் வம்சாவளி ஏடுகள் பெரும்பாலும் ஆண்களையே எழுதிவைப்பவை என்பதால் அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பத்து லஞ்சாங் ஹொக்கியன் இடுகாட்டுக் கல்லறைகள் அதைவிடப் பயன்படும். கல்லில் சீனத்துச் சொந்த ஊரும், பின்வந்தோர் பெயர்களும் செதுக்கப்பட்டிருக்கும். சீன நாளிதழ்களின் மரண அறிவிப்புகளிலும் மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் போடுவார்கள். பினாங்கில் 1910 முதல் வெளிவரும் ‘குவாங் வா யிட் போ’வைத்தான் இங்குள்ள பழைய குடும்பங்கள் வீட்டில் வாங்குவார்கள். ஆனால் இவற்றைத் தேடுவதற்குப் பெயரின் சீன எழுத்து வேண்டும், ரோமன் எழுத்து மட்டும் போதாது. தாளில் எட்டுக்கு மேல் எழுத்துகள் இருந்தால் அவை பெயராக இருக்கலாம். படத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். பொதுவில் போட வேண்டாம்.

பதில் 3: செந்தூல்வாசி

தங்கைக்கு, உங்கள் அம்மாவைப் போல நானும் கொடுக்கப்பட்டவள்தான். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பெற்றவளை என் நாற்பத்தெட்டாவது வயதில் கண்டுபிடித்தேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முகவரி கிடைத்த அன்றே கிளம்பிப் போய்க் கதவைத் தட்டிவிட்டேன். கதவைத் திறந்தது மருமகள். உள்ளே சோபாவில் உட்கார்ந்திருந்த கிழவி என்னைப் பார்த்தார், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வீட்டில் யாருக்கும் என்னைப் பற்றித் தெரியாது. ஐம்பது ஆண்டுகள் அவர் தனியாகச் சுமந்த ஒன்றை, மருமகளும் பேரப்பிள்ளைகளும் பார்த்திருக்க, அரை நிமிடத்தில் நான் நடுவீட்டில் போட்டுவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லவோ மறுக்கவோ அவகாசம் கொடுக்காமல் போனதற்காக இன்றும் வருந்துகிறேன்.

மறுபடி அவரைப் பார்க்க ஏழு மாதங்கள் ஆயின. அவரே ஆளனுப்பினார். என் பிறந்தநாளைக் கேட்டார். பிறப்புப் பத்திரத்தில் உள்ள தேதியைச் சொன்னேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுச் சீன மாதத்தை எண்ணி வேறொரு நாளைச் சொன்னார். வீட்டுக்கு வந்து பஞ்சாங்கம் தெரிந்தவரிடம் மாற்றிப் பார்த்தபோது, பத்திரத்தில் இருப்பது மூன்று நாள் தவறு என்று தெரிந்தது. பதிந்தவர் சீனத் தேதியைத் தவறாக மாற்றிச் சொல்லியிருக்கிறார். என்னைக் கையை விட்ட தாய் என் பிறந்தநாளை விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உங்கள் சிவப்புத் தாளிலுள்ள நாளும் பத்திரத்திலுள்ள நாளும் ஒத்துப்போகாவிட்டால் பதற்றப்பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முகவரி கிடைத்தால் முதலில் கடிதம் போகட்டும். அதில் தத்து, மகள் போன்ற சொற்களே வேண்டாம். 1962இல் ஜெலுத்தோங்கில் இருந்த இன்னாரை அறிந்த ஒரு குடும்பம் நலம் விசாரிக்கிறது என்று மட்டும் எழுதி, தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். அந்தக் கடிதத்துக்குப் பொருள் தெரிய வேண்டியவருக்குத் தெரியும். மொழி தெரிந்த, வயதில் மூத்த ஒருவர் நடுவில் இருப்பது இன்னும் நல்லது.

பதில் 4: மென்பொருள் பொறியாளர், பெட்டாலிங் ஜெயா

மரபணுச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோதனையை நீங்கள் செய்யாமல் அம்மாவையே செய்யச் சொல்லுங்கள். அவருடைய சீன உறவினரோடு உங்களுக்குப் பொதுவாக இருப்பது அவருக்கு இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். பொது அளவைச் சென்டிமார்கன் என்ற அலகில் தருவார்கள்: தாய்க்கும் பிள்ளைக்கும் 3400க்கு மேல், ஒரு தாய்க்குப் பிறந்து தந்தை வேறான உடன்பிறப்புக்குச் சுமார் 1750, பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கு 850 அளவில், அவர்களுடைய பிள்ளைகளுக்குள் 230 அளவில் என்று கொள்ளலாம். நம் குடும்பங்களில் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பதால் இந்த எண்கள் பெருகிக் குழப்பும். ஒரே குடும்பப் பெயருக்குள் மணம் செய்வதைத் தவிர்த்துவந்த சீனக் குடும்பங்களில் அந்தக் குழப்பம் குறைவு. மலேசியாவில் இருப்பவரைவிட, ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ குடியேறியவரின் பிள்ளை ஒருவர் பட்டியலில் வரத்தான் வாய்ப்பு அதிகம். காகித வழி அடைபட்ட பிறகு இதற்குப் போகலாம்.

மீண்டும் கேட்டவர்: கோலாலம்பூர் வாசகி

எல்லோருக்கும் என் நன்றி. எழுத்தர் ஐயா சொன்ன கட்டத்தை நேற்று இரவு அம்மா விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறப்பைத் தெரிவித்தவர் பெற்ற தாயல்லர்; ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரும் டத்தோ கிராமாட் முகவரியும் இருக்கின்றன. பெயரைப் படித்ததும் அம்மா சிறிது நேரம் பேசவே இல்லை. அது அடுத்த வீட்டுப் பாட்டி. அம்மாவுக்குத் தலைவாரிப் பூ வைத்துப் பள்ளிக்கு அனுப்பியவர். ஜெலுத்தோங்கில் பிரசவம் பார்க்கப் போய்வருவார் என்பது அம்மாவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவரும் காலமாகிவிட்டார், ஆனால் அவருடைய மூத்த மகள் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். 1962இல் அவருக்குப் பதினான்கு வயது இருந்திருக்கும், தாயோடு கூடவே போய்வந்தவர்.

சிவப்புத் தாளின் படத்தை ஆயர் ஈத்தாம் அன்பருக்கு அனுப்பிவிட்டேன். எழுத்துகள் எட்டல்ல, பதினொன்று.

செந்தூல் அக்காவின் பதிலை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். கடிதம்தான் முதலில் போக வேண்டும் என்று அம்மாவும் சொல்லிவிட்டார். அதற்கு முன், வரும் சனிக்கிழமை நான் இங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த்துக்குப் போகிறேன். அம்மா ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெர்ரியில் வருகிறார். அந்த அக்காவின் வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போகிறோம். வருவதாகத் தொலைபேசியில் சொன்னபோது அவர் காரணமே கேட்கவில்லை. “அந்த டின்னையும் எடுத்துக்கிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார். டின்னைப் பற்றி நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.