புதுப்பிப்பு: கீக்ளோக் அப்கிரேடு ஞாயிற்றுக்கிழமை

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் லாகின் முழுவதையும் தாங்கும் கீக்ளோக் என்ற சாஃப்ட்வேரை 16-ஆம் வெர்ஷனிலிருந்து எப்போது, எப்படி 26-க்கு ஏற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

நாள் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா. அன்றைக்கு லாகின் படுத்துவிட்டால் ஆபீஸுக்குள் தலைகாட்ட முடியாது. அதனால் ஞாயிறு காலை.

பேக்கப்பிலிருந்து டெஸ்ட் சர்வர் ஒன்றை எழுப்பி ஓட்டிப் பார்த்தேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருந்த டேபிள்கள் புது வெர்ஷனுக்கு ஏற்பத் தானாகவே மாறிக்கொண்டன. சிக்கல் வேறிடத்தில். 17-ஆம் வெர்ஷனில், கீக்ளோக் ஓடும் அடித்தளம் வைல்டுஃப்ளையிலிருந்து குவார்க்கஸுக்கு மாறியபோதே லாகின் முகவரியில் இருந்த '/ஆத்' (/auth) கழன்றுவிட்டது. ஆர்டர், ஸ்டாக், வருகைப்பதிவு என எல்லா ஆப்பும் இன்னும் பழைய முகவரியைத்தான் தட்டுகின்றன. ஒவ்வொன்றாக மாற்ற யாருக்கு நேரம்? முகவரியில் சேர வேண்டிய பாதையைச் சொல்லும் ரிலேட்டிவ் பாத் செட்டிங்கில் '/ஆத்' என்றே திரும்பக் கொடுத்தேன், லாகின் பக்கம் வந்துவிட்டது.

"சரிப்படலைன்னா பழைய வெர்ஷனுக்கு இறங்கிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நடக்காதுங்க. டேபிள்கள் மாறியபின் இறங்க வழியில்லை. ஏற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப்தான் கதி. மதியத்துக்குள் லாகின் சரியாக ஓடவில்லையென்றால் அதைப் போட்டுப் பழைய சர்வரையே எழுப்பிவிடுவோம்.

லாகின் பக்கத்துக்குக் கம்பெனித் தோற்றம் தரும் தீம் மட்டும் இன்னும் உடைந்தே கிடக்கிறது. அப்புறம் பார்க்கலாம், லோகோ இல்லாமல் கொஞ்ச நாள் ஓடட்டும்.