நாலு மாச ராஜபாளையம் குட்டியை எவ்வளவு ஓட விடலாம்?

கேள்வி: தண்டையார்பேட்டை, மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. குட்டி 11 கிலோ, தொடையில சதையே இல்ல. பைக் பின்னாடி ஓட விட்டா சதை பிடிக்கும்ங்கறாங்க. கால்சியம் டானிக் குடுக்கலாமா?

பதில்: பைக் வேணவே வேணாம் சார். எலும்பு முனையில இருக்கற வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்புதான். பெரிய இனங்களுக்கு அது கெட்டி எலும்பா மாறி மூட 12–18 மாசம் ஆகும். தார் ரோட்டு அடி நேரா அங்கதான் விழும். வார் போட்டு 15–20 நிமிஷம், காலையும் சாயங்காலமும் போதும். மணல்ல அதுவா ஓடி அதுவா உட்காரட்டும். பார்வோ (குட்டிங்களுக்கு வர்ற கொடிய வயித்துப்போக்கு வைரஸ்) ஊசி முழுசா முடியாம காசிமேடு பக்கம் இறக்காதீங்க. மீன் முள்ளு, தூண்டில் முள்ளு வேற கெடக்கும்.

பதில்: படி இறங்கறப்ப தூக்கிக்கோங்க, ஒரு கை நெஞ்சுக்கு அடியில, இன்னொண்ணு பின்தொடைக்கு. சதைக்கு, துடைப்பக்கட்டையைத் தரையில போட்டு ஒவ்வொரு காலா எடுத்து வச்சு மெதுவா கடக்க விடுங்க. குதிச்சா பிரயோஜனமில்ல. உட்கார்ந்து எழறது 5 தடவை. இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சா அன்னைக்கு அதோட நிறுத்திடுங்க. டைல்ஸ் மேல ரப்பர் பாய்.

பதில்: குட்டித் தீனி பாக்கெட் போடறீங்கன்னா டானிக் வேணாம். இந்த வயசுல கூடுதல் கால்சியத்தைக் குடல் தடுக்காது, எலும்பு கோணும். வெறும் சோறு கறின்னா டாக்டர் சொல்ற அளவு. ராஜபாளையம் ஒல்லிதாங்க, விலா கைக்குத் தட்டுப்படணும். மறுநாளும் நொண்டினா வேப்பேரி கால்நடை மருத்துவமனை.