புதுப்பிப்பு: மழை பெய்தால் சீரியல் லைட் ட்ரிப் ஆவது ஏன்?

வெளிச்சுவரில் சீரியல் லைட் கட்டுவது பற்றிய முந்தைய பதிவில் கிளிப், ஏணி பற்றி மட்டும் எழுதியிருந்தேன். மழை வந்தாலே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

பெரும்பாலும் கோளாறு பல்பில் இல்லை, பிளக்கும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தில்தான். வயர் வழியே வழிந்து வரும் நீர் நேராகச் சாக்கெட்டுக்குள் இறங்கிவிடும். வயரைச் சாக்கெட்டுக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றிச் செருகுங்கள். நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டவே வேண்டாம், உள்ளே புகுந்த ஈரம் வெளியேறாது. மழை தாங்கும் பெட்டியே சரி.

சரத்தின் ஐபி குறியீடு (தூசும் நீரும் புகாமல் தடுக்கும் அளவு) குறைந்தது ஐபி44, நேரடி மழை படுமானால் ஐபி65 இருக்க வேண்டும். அடாப்டரின் குறியீட்டைத் தனியாகப் பாருங்கள். சரம் வெளியிடத்துக்கானது என்றாலும் அடாப்டர் உள்ளறைக்கு மட்டுமானதாக இருக்கலாம்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை ஒருபோதும் பைபாஸ் செய்யாதீர்கள். எல்லாச் சரங்களையும் கழற்றி, நன்கு காயவைத்து, ஒவ்வொன்றாகச் செருகினால் கசியும் சரம் தெரிந்துவிடும்.

ஒன்றோடொன்று இணைக்கும் சரங்களின் எண்ணிக்கை, பெட்டியில் உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது. மொத்த மின்னோட்டமும் முதல் சரத்தின் வயரில்தான் ஓடுகிறது, சூடாவதும் அதுவே.