சுவரில் தமிழ் எழுத்து ஒட்டினோம்: உங்கள் வீட்டில் எப்படி நின்றது?

அம்மா இருந்தவரை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி யார் உள்ளே வந்தாலும் காதில் விழும் முதல் பேச்சு ஒன்றுதான். பெரியவர்கள் என்றால் "முதல்ல தண்ணி குடிங்க", பிள்ளைகள் என்றால் "முதல்ல தண்ணி குடி". எதற்கு வந்தார்கள், யார் வீட்டு ஆள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அம்மா போய் ஒரு வருடம் ஆனபோது தம்பி சொன்னான், சாப்பாட்டு அறையில் பானை இருக்கும் மூலைக்கு மேலே அந்த மூன்று சொல்லையும் எழுத்தாக வைக்கலாம் என்று. கையால் எழுதுகிற ஓவியர் யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் வினைலில், அதாவது பின்னால் பசை உள்ள பிளாஸ்டிக் தாளில், எழுத்து வெட்டி ஒட்டுவது என்று முடிவு செய்தோம். மூன்று மாதம், இரண்டு முயற்சி ஆனது. பட்டதை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நாங்கள் தஞ்சாவூர். பைக் நம்பர் பிளேட் ஒட்டும் ரேடியம் கடைக்குத்தான் போனேன். வாட்ஸப்பில் வாசகத்தை அனுப்பினேன். மறுநாள் வெட்டி வைத்திருந்தார்கள்: "முதலில் தண்ணீர் குடி". பிழையைத் திருத்திக் கொடுத்ததாகச் சொன்னார் கடைப்பையன். அவர் நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார். ஆனால் அம்மா ஒரு நாளும் தண்ணீர் என்று சொன்னதில்லை. அந்த "தண்ணி"யில்தான் அவர் குரல் இருக்கிறது. திரும்ப வெட்டச் சொல்லி வாங்கிவந்தேன்.

முதலில் ஒட்டிய இடம் தப்பு. வீட்டின் முன்பாதி தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, மேலே டிஸ்டம்பர். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். இரவு பத்து மணிக்கு அழகாக இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் பாதி எழுத்து தரையில் கிடக்கிறது, "டி" மட்டும் ஒரு முனையில் தொங்குகிறது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கத் திருநீறு பூசினாற்போல் வெள்ளைப் பொடி. பசை சுவரைப் பிடிக்கவே இல்லை, பொடியைப் பிடித்திருக்கிறது. பொடி சுவரை விட்டுவிட்டது.

ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று செய்திருந்தால் அந்த எழுத்துகள் வீணாகியிருக்காது. செல்லோடேப் துண்டு ஒன்றைச் சுவரில் அழுத்தி ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சுவர் வேண்டாம். சுண்ணாம்பு, பொடி உதிரும் டிஸ்டம்பர், ஓதம் ஏறும் கீழ்ச்சுவர், சொரசொரப்பான டெக்ஸ்சர் எதுவும் ஆகாது. பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த வழவழப்பான சுவர்தான் சரி. அதிலும் புதுப் பெயிண்ட் என்றால் மூன்று நான்கு வாரமாவது ஆறப் போடவேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே இன்னும் இறுகியிருக்காது. கறை பிடிக்காது என்று விற்கும் பெயிண்ட்களில் பசையும் பிடிக்காமல் போகலாம். அங்கே மிச்ச வினைலில் ஒரு துண்டை ஓரமாக ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் முறை, பின்பாதியில் சாப்பாட்டு அறைச் சுவர். எழுத்து மூன்று அங்குல உயரம், மொத்த நீளம் மூன்றரை அடி. முந்தின நாளே ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டோம். பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணனிடம் ரசமட்டம் வாங்கிவந்தான் தம்பி. வைத்துப் பார்த்தால் ரசமட்டம் சரி என்கிறது, கண் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே இருக்கும் பரண் பலகை இடது பக்கம் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. பார்க்கிறவர்கள் கண் பலகையைத்தான் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் பலகைக்கு இணையாகவே வைத்தோம், இன்றுவரை யாரும் கோணல் என்று சொன்னதில்லை. இன்னொன்று, தமிழ் எழுத்துக்கு அடிவரி பார்க்கும்போது ஏமாந்துவிடுவோம். மு, கு, த எல்லாம் கீழே இறங்கும். ல, ண இரண்டின் அடியை வைத்துக் கோடு பிடியுங்கள்.

ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும், பரவாயில்லை. பின்தாளை உரித்த வினைல் ஒரு காற்றுக்கு மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. தாளோடு சுவரில் வைத்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப் பட்டை ஒட்டிக்கொண்டோம். அதுதான் கதவுக்குக் கீல் மாதிரி. இடது பாதியைத் திறந்து, பின்தாளை மட்டும் உரித்து, கத்தரித்துவிட்டு, பழைய ஏடிஎம் கார்டில் துணி சுற்றி நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தோம். அப்புறம் டேப்பை எடுத்துவிட்டு வலது பாதி. கடைசியில், மேலே எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒட்டுத்தாளை உரிக்கும்போது நம் பக்கம் இழுக்காமல் சுவரோடு சுவராக மடித்து, மெல்ல உரிக்கவேண்டும். எழுத்து கூடவே எழும்பினால் தாளைத் திரும்ப அமுக்கி இன்னொரு முறை தேய்த்தால் போதும்.

எல்லாம் முடிந்தது, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். தம்பி மகள் இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்: "மு-த-ல்-ல, த-ண-ணி..." நிறுத்திவிட்டு, "அத்தை, இது என்ன தணணி?" என்றாள். ண் எழுத்தின் புள்ளியைக் காணோம்! பெரியவர்கள் நான்கு பேர் பார்த்தோம், யார் கண்ணிலும் படவில்லை. நமக்கு என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பே தெரியும் அல்லவா. உரித்த தாளைத் தேடிப் பார்த்தால் புள்ளி அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கசங்கி. அப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டேன். இன்னும் ண் புள்ளி இல்லாமல்தான் இருக்கிறது. இதற்கு யாராவது வழி செய்திருக்கிறீர்களா?

வேளச்சேரியிலிருந்து:

அக்கா, நீங்கள் ஒட்டிய கதை சொன்னீர்கள், நான் பிய்த்த கதை சொல்கிறேன். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். படுக்கையறையில் எங்கள் இருவர் பெயரையும் சிவப்பில், பளபளவென்று ஒட்டியிருந்தோம். மூன்று வருடம் ஒரு முனை கூட எழும்பவில்லை, பெருமையாக இருந்தது. காலி செய்யும் நாள், சாமான் ஏற்றிய பிறகு ஞாபகம் வந்து நகத்தால் தூக்கி ஒரே இழுப்பாக இழுத்தேன். எழுத்தோடு பெயிண்டும் அதன் கீழே பட்டியும் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. திரும்பப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் வாங்கி அடித்தால் பழைய நிறத்தோடு சேரவில்லை. முழுச் சுவரும் அடிக்கவேண்டியதாயிற்று. அந்தச் செலவு அட்வான்ஸில் கழிந்தது.

இப்போது இருக்கும் வீட்டில் வரவேற்பறை எழுத்தை மாற்றியபோது பொறுமையாகச் செய்தேன். ஹேர் டிரையரை ஒவ்வோர் எழுத்தின் மேலும் பத்துப் பதினைந்து விநாடி காட்டி, பசை இளகியதும் முனையைத் தூக்கி, சுவரை ஒட்டியபடியே மடித்து மெதுவாக உரித்தேன். ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம் ஆனாலும் பெயிண்ட் பெயரவில்லை. மீந்த பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தேன். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் பெயிண்ட் சுவரில் வைக்காதீர்கள், பசை போய் எண்ணெய்க் கறை நிற்கும். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் நீலகிரித் தைலம் நன்றாக வேலை செய்கிறது.

இன்னொரு விஷயம், உரித்த இடத்தில் எழுத்தின் நிழல் தெரியும். சுற்றியுள்ள பெயிண்ட் வெளிச்சத்தில் வெளுத்து, எழுத்துக்குக் கீழே மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கும். அதற்கு மருந்து கிடையாது, பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரைத் தவிர்த்தால் கொஞ்சம் குறையும்.

ஈரோட்டிலிருந்து:

நான் ரேடியம் கடை வைத்திருக்கிறேன், 14 வருடம் ஆகிறது. அக்கா, உங்கள் இரண்டு பேர் கஷ்டத்துக்கும் எங்கள் தொழிலில் காரணம் இருக்கிறது.

வேளச்சேரித் தம்பிக்குக் கொடுத்தது வண்டிக்கு ஒட்டுகிற ரோல். அது வெயிலையும் மழையையும் தாங்க வேண்டியது, பசை நிரந்தரம். சுவருக்குத் தனி ரோல் இருக்கிறது, மேட்டாக, பளபளப்பு இல்லாமல் இருக்கும், கழற்றக்கூடிய பசை. ஆரகல் என்ற பிராண்டில் கேட்டால் 651 என்பது பளபளப்பான நிரந்தர வகை, 631 சுவருக்கான மேட் வகை. நம்பரைச் சொல்லியே கேளுங்கள். நிறைய கடையில் இரண்டாவது இருக்காது, சொன்னால் வரவழைத்துக் கொடுப்பார்கள். சுவரில் பளபளப்பு வேறு எடுபடாது, டியூப்லைட் பட்டு எழுத்தே தெரியாது.

வாசகம் மாறிப்போவது ஏன் தெரியுமா? நீங்கள் போனில் அனுப்புவது யுனிகோடு. எங்களில் பலர் வைத்திருக்கும் பழைய டிசைன் மென்பொருளில் அதை அப்படியே போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் சிதறும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். அதனால் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் திரும்ப டைப் அடிக்கிறோம். கை பழக்கத்தில் "தண்ணி" தண்ணீர் ஆகிவிடும், ஒற்று விழும், ர ற மாறும். வெட்டுவதற்கு முன்னால் படம் அனுப்பச் சொல்லி ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். அர்த்தத்தைப் பார்த்தால் பிழை தெரியாது, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாசித்தால் தெரியும். கூட்டுக் கோடுகளை இணைத்தார்களா என்றும் கேளுங்கள். எழுத்தும் அதன் கொக்கியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் மெஷின் நடுவிலும் ஒரு வெட்டு போட்டுவிடும், அந்த இடம் ஒரு வருடத்தில் பிளந்து எழும்பும்.

புள்ளி விஷயம். அதுதான் எங்களுக்கும் தலைவலி. ஆங்கில வாசகத்தில் சின்ன i, j எழுத்துகளால் ஒன்றிரண்டு புள்ளி வரும். தமிழில் ஒரு வரிக்கு ஐந்தாறு வந்துவிடுகிறது. பரப்பு சின்னது, பசையும் கொஞ்சம்தான், விளிம்பு கிளம்பினால் முழுசாக வந்துவிடும். கழிவு வினைலை உரிக்கும்போது எங்களிடமே பாதி போகும். நான் புள்ளியை மட்டும் ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கி வெட்டுகிறேன், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மெலிந்த எழுத்துரு கேட்டால் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். ஒட்டுவதற்கு முன் எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். ஒட்டுத்தாளை உரிக்கும் முன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் நகத்தால் ஒரு அழுத்து அழுத்துங்கள்.

உங்கள் ண் எழுத்துக்கு மறுபடி கடைக்குப் போக வேண்டாம். வெட்டிய மிச்சம் ஒரு துண்டு இருந்தால், ஃபைலில் ஓட்டை போடுகிற பஞ்ச் இருக்கிறதே, அதில் பின்தாளோடு வைத்து ஒரு அமுக்கு. கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் வட்டம் கிடைக்கும், மூன்று அங்குல எழுத்துக்கு அளவாக இருக்கும். ஊசிமுனையில் எடுத்து வையுங்கள், விரல் பட்டால் பசை போய்விடும்.

ஐப்பசி கார்த்திகையில் ஒட்டவேண்டாம் என்று நான் சொல்வேன். சுவரில் ஈரம் இருக்கும், பின்தாளும் ஈரத்தை இழுத்து உப்பி, எழுத்துக்கு அடியில் சுருக்கம் சுருக்கமாகக் கிளம்பும். வாங்கியதைச் சுருட்டி வைக்காமல் மெத்தைக்கு அடியில் தட்டையாக வைத்து ஒரு வாரத்துக்குள் ஒட்டிவிடுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து:

நான் பாலர் பள்ளி ஆசிரியை. அ முதல் ஃ வரை குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினோம், தடவிப் பார்க்கட்டும் என்று. ஒரு மாதத்தில் ஃ எழுத்தின் மூன்று புள்ளியும் போய்விட்டன, ஒரு குழந்தையின் நெற்றியில் பொட்டாக இருந்தது ஒன்று. இப்போது சுவரை விட்டுவிட்டு லாமினேட் ஒட்டிய அலமாரிக் கதவில் வைத்திருக்கிறோம், இரண்டு வருடமாக அசையவில்லை. அந்தக் காலத்தில் ஓலையில் எழுதியவர்கள் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் வைக்காமலே விட்டார்கள், வாசிக்கிறவர் ஊகித்துக்கொண்டார். நம் பிள்ளைகளுக்கு அப்படி விடமுடியாது அக்கா, போட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டு அண்ணா, நேற்றே தம்பியின் அலுவலகப் பஞ்சைக் கொண்டுவரச் சொல்லிச் செய்தோம். முதல் இரண்டு வட்டம் ஓரத்தில் பிசிறடித்தது. பின்தாளுக்குக் கீழே ஒரு கெட்டி அட்டை வைத்து அமுக்கியதும் சுத்தமாக வந்தது. தம்பி மகள்தான் ஸ்டூலில் ஏறி, ஊசிமுனையில் எடுத்து வைத்தாள். ல் எழுத்தின் புள்ளியைவிட இது ஒரு நூல் பெரிது. எனக்கு அது தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. மிச்சத் துண்டில் இன்னும் பத்து புள்ளி அடித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பராமரிப்பு என்று நான் செய்வது கொஞ்சம்தான். வாரம் ஒரு முறை உலர்ந்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாக ஒற்றுகிறேன், தேய்ப்பதில்லை. அடுப்பங்கரை பக்கம் என்பதால் எண்ணெய்ப் புகை படிகிறது. அதற்கு மாதம் ஒரு முறை நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் தெளிப்பதில்லை. பானையிலிருந்து தண்ணீர் மொள்ளும்போது தெறித்து "கு" எழுத்தின் கால் ஒரு முறை எழும்பியது. ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, துணியால் அமுக்கிப் பிடித்தேன், உட்கார்ந்துவிட்டது. பானையைத்தான் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டோம்.

பொங்கலுக்கு முன் வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறார்கள். எழுத்தின் மேல் அடித்துவிட்டால் எடுக்கவும் முடியாது, வாசிக்கவும் முடியாது என்பதால் அந்த ஒரு சுவரை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.